மகனும் அம்மாவும் கம்யூனிட்டி காலேஜில் சேர: கலிஃபோர்னியாவில் நடைமுறை என்ன?

கேள்வி இதுதான்: "டல்லாஸிலிருந்து போன செப்டம்பரில் ஃப்ரீமாண்டுக்கு மாறி வந்தோம். கணவர் எச்-1பி வேலை விசா, நானும் மகனும் அவரைச் சார்ந்த எச்-4 விசா. மகன் இந்த வருடம் பன்னிரண்டாவது முடிக்கிறான். நான் கோவையில் பி.காம். படித்தவள். இருவருமே கம்யூனிட்டி காலேஜில் சேரலாம் என்று யோசிக்கிறோம். மார்க் எவ்வளவு வேண்டும்? கடைசித் தேதி எப்போது? செலவு எவ்வளவு? ஊரில் சொந்தக்காரர்கள், 'யார் வேண்டுமானாலும் சேரலாமாமே, அதெல்லாம் ஒரு காலேஜா' என்று கேட்கிறார்கள்."

கம்யூனிட்டி காலேஜ் என்பது கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தைத் தரும் அரசுக் கல்லூரி. மார்க் தேவையில்லை, நுழைவுத்தேர்வு இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. 18 வயது ஆகியிருந்தாலே போதும். ஆகாவிட்டால் ஹைஸ்கூல் முடித்திருக்க வேண்டும். கடைசித் தேதி என்று பார்த்தால், வகுப்பு தொடங்கும் வாரம் வரைக்கும் கூட விண்ணப்பம் வாங்குவார்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டு ஆகஸ்ட் மாதம்வரை சும்மா இருந்துவிடாதீர்கள். நம் ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சீட் ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. டைம் டேபிளைக் கல்லூரியே போட்டுக் கொடுத்துவிடும். இங்கே 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்த அன்று உங்கள் கையில் ஒரு அடையாள எண் மட்டும்தான் இருக்கும். எந்த வகுப்பிலும் இடம் இருக்காது. ஒவ்வொரு வகுப்பையும் நீங்களே தேடிப் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் உங்களுக்கென்று குறிக்கப்பட்ட நாள் நேரத்தில். அந்த நேரம் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது விண்ணப்பத்துக்குப் பிறகு வரும் படிகளை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சேர்வதில் சிக்கல் இல்லை; கணக்கு, வேதியியல், இங்கிலீஷ் மூன்றிலும் ஒரே டேர்மில் (பருவத்தில்) இடம் பிடிப்பதில்தான் சிக்கல்.

சொந்தக்காரர்களுக்கான பதிலை முதலில் முடித்துவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 1907-இல் வந்த ஒரு சட்டம் ஹைஸ்கூல்களிலேயே மேற்படிப்பு வகுப்புகள் நடத்த அனுமதி கொடுத்தது. 1910-இல் ஃப்ரெஸ்னோவில் முதல் ஜூனியர் காலேஜ் வந்தது. 1960-இல் மாநிலம் ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்கள் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்களுக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் சிஎஸ்யூ எனப்படும் கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கும் தகுதி பெறுவார்கள். கம்யூனிட்டி காலேஜ் படித்துப் பயன்பெறக்கூடிய எல்லாருக்கும் திறந்திருக்கும். அங்கிருந்து மேலே மாறிப் போக வழி இருக்கும். இன்று 116 கல்லூரிகள் இருக்கின்றன. 'யார் வேண்டுமானாலும் சேரலாம்' என்பது இதன் குறை இல்லை, அப்படித்தான் திட்டமே போட்டார்கள். இங்கே முதல் இரண்டு வருடம் படித்துவிட்டு பெர்க்லி, யூசிஎல்ஏ என்று போனவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள். டிகிரியில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

சரி, செலவுக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கலிஃபோர்னியா ரெசிடென்ட், அதாவது மாநிலவாசி, என்றால் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். 2012-இலிருந்து இதே தொகைதான். ஒரு சாதாரண வகுப்பு 3 முதல் 5 யூனிட் இருக்கும். 12 யூனிட் எடுத்தால் முழுநேர மாணவர்: 552 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தாலும் 1,380 டாலர்தான். இதன்மேல் ஹெல்த் ஃபீஸ், பார்க்கிங், 2 டாலர் மாணவர் பிரதிநிதிக் கட்டணம் என்று சில்லறைகள் வரும். யூசியில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 14,000 டாலரைத் தாண்டுகிறது. ரெசிடென்ட் இல்லையென்றால் இந்த 46-க்கு மேல் யூனிட்டுக்கு இன்னும் 300 டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். 12 யூனிட்டுக்கு எவ்வளவு வித்தியாசம் வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எச்-4 இருப்பவர்கள் ரெசிடென்ட் ஆக முடியாது என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. தவறு. எஃப்-1 (மாணவர்), பி-1, பி-2 (விசிட்டர்) போன்ற விசாக்கள்தான் தடை. எச்-1பி, எச்-4, எல்-1, எல்-2 காரர்கள் கல்விக் கட்டணக் கணக்கில் கலிஃபோர்னியா ரெசிடென்ட் ஆகலாம். இரண்டு நிபந்தனை: டேர்ம் தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள், மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கப் போகிறோம் என்ற எண்ணத்தையும் அதே ஒரு வருடத்துக்குக் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், கலிஃபோர்னியா டிரைவர் லைசென்ஸ், கார் ரெஜிஸ்ட்ரேஷன், மாநில வருமான வரிப் படிவம், இந்த மாதிரிக் காகிதங்கள்தான் அந்த எண்ணத்துக்குச் சாட்சி. டெக்சாஸ் லைசென்ஸை மாற்றாமல் ஆறு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு எதிராகப் பேசும். மகனுக்கு 19 வயதுக்குள் என்றால் விண்ணப்பத்தில் பெற்றோரின் வசிப்பிட விவரமும் கேட்பார்கள், அதனால் கணவரின் காகிதங்களையும் எடுத்து வையுங்கள்.

இப்போது நீங்கள் வந்த தேதியைப் பாருங்கள். செப்டம்பர் முதல் வாரம் வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீமாண்டிலேயே இருக்கும் ஓலோனி காலேஜ் செமஸ்டர் முறை. ஃபால் டேர்ம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடும். அன்றைக்கு உங்களுக்கு ஒரு வருடம் நிறைந்திருக்காது, சில நாள் குறையும். அந்த டேர்ம் முழுக்க வெளிமாநிலக் கட்டணம். அதே கூப்பர்டினோவில் இருக்கும் டி அன்சா காலேஜ் குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். அங்கே ஃபால் செப்டம்பர் பிற்பகுதியில்தான் தொடங்கும். அதற்குள் வருடம் நிறைந்துவிடும். குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். ஒரு டேர்முக்கு அங்கே போய்வரும் பெட்ரோல் செலவு இந்த வித்தியாசத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அல்லது ஓலோனியிலேயே ஃபாலில் ஒரே ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங்கில் முழுநேரமாகப் போகலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: முதல் டேர்மில் நான்-ரெசிடென்ட் என்று பதிவாகிவிட்டால் அது தானாக மாறாது. ஒரு வருடம் நிறைந்ததும் 'ரெசிடென்சி ரீகிளாசிஃபிகேஷன்' படிவத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டு, இரண்டு மூன்று டேர்ம் கூடுதல் பணம் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் நம்மில் நிறைய.

இலவசப் படிப்பு பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல்முறையாக, முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு முதல் இரண்டு வருடக் கட்டணத்தை ரத்து செய்யும் 'காலேஜ் பிராமிஸ்' திட்டம் உண்மைதான். ஆனால் அதற்கு ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி அரசின் நிதியுதவி விண்ணப்பம் அல்லது மாநிலத்தின் ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் போட வேண்டும். ஃபாஃப்சா குடிமக்கள், கிரீன் கார்டுகாரர்கள் போன்றவர்களுக்கு மட்டும். எச்-4 குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பிள்ளை இங்கே பிறந்திருந்தால், பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் பிள்ளை ஃபாஃப்சா போடலாம். சம்பளம் அதிகம், எப்படியும் கிடைக்காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பிராமிஸ் திட்டத்துக்குப் பல கல்லூரிகளில் வருமானத்தைப் பார்ப்பதே இல்லை, படிவம் போட்டிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அடுத்தது விண்ணப்பம். மாநிலம் முழுக்க ஒரே வாசல்: சிசிசி அப்ளை. முதலில் ஓப்பன் சிசிசி என்ற கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லும். அந்தக் கணக்கு ஆளுக்கு ஒன்று, ஆயுளுக்கும் ஒன்று. அதை வைத்துக்கொண்டு எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். ஒரே டேர்மில் இரண்டு கல்லூரிகளில் வகுப்பு எடுப்பதும் இங்கே சாதாரணம். உட்கார்ந்தால் அரைமணி முதல் ஒருமணி நேர வேலை. நம்மவர்கள் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயர். நம் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருக்கும். சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும், விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்துக் கொடுத்திருப்பார்கள். மகனின் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பதிவில்) ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மாநில ஐடியில் இன்னொரு மாதிரி இருந்தால் கல்லூரியின் கம்ப்யூட்டர் அவனை இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தும் 'வரவில்லை' என்றே காட்டும். ஆகவே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். 'முந்தைய பெயர்' என்ற இடத்தில் மற்ற வடிவத்தையும் கொடுத்துவிடுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு இடம் உண்டு. அதை நிரப்பாவிட்டால் முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் உங்கள் மகனை அவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

மின்னஞ்சலுக்குப் பள்ளிக்கூட முகவரியைக் கொடுக்க வேண்டாம். ஜூனில் பள்ளி முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள், கல்லூரியிலிருந்து முக்கியமான கடிதங்கள் வருவதோ ஜூலையில். சொந்த ஜிமெயில் கொடுங்கள்.

'உங்கள் கல்வி இலக்கு என்ன' என்று ஒரு கேள்வி வரும். அலட்சியமாக 'தனிப்பட்ட ஆர்வம்' என்று தட்டிவிட்டால், இவர் பொழுதுபோக்குக்கு வருகிறார் என்று கல்லூரி எடுத்துக்கொள்ளும். வகுப்புப் பதிவில் முன்னுரிமை குறையலாம், நிதியுதவித் தகுதியும் போகும். மகனுக்கு 'நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுவது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேஜர் (முதன்மைப் பாடம்) முடிவாகவில்லை என்றாலும் நெருக்கமான ஒன்றைப் போடுங்கள், பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

குடியுரிமைப் பகுதியில் எச்-4 என்பது 'மாணவர் விசா' ஆகாது. மற்ற விசா என்ற பிரிவில் எச்-4, அதன் தேதிகள். மாணவர் விசா என்று தவறாகக் குறித்துவிட்டால் உங்களை இன்டர்நேஷனல் ஆபீசுக்கு அனுப்பி, மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்தைக் கேட்பார்கள். எச்-4-இல் படிக்க ஐ-20 தேவையே இல்லை; முழுநேரமாகவே படிக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் 'இல்லை' என்று குறித்துவிட்டு மேலே போகலாம். ஐடிஐஎன் என்ற வரி எண் இருந்தால் கொடுங்கள். வருடம் முடிந்ததும் வரும் 1098-டி என்ற கல்விக் கட்டண வரிப் படிவத்துக்கு உதவும்.

எல்லாம் சரியாகப் போட்டும் சில நேரம் நாட்கணக்கில் பதிலே வராது. அதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. நிதியுதவிப் பணத்தைத் திருடுவதற்காகப் போலி மாணவர்கள் பெயரில் கொத்துக் கொத்தாக விண்ணப்பம் போடும் கும்பல்கள் இங்கே இருக்கின்றன. வருகிற விண்ணப்பங்களில் நான்கில் ஒன்று போலியாக இருக்கலாம் என்று 2024 தொடக்கத்தில் கல்லூரி நிர்வாகமே சொன்னது. அதனால் வடிகட்டி கடுமையாக இருக்கிறது, நிஜ மனிதர்களும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே வீட்டிலிருந்து, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, அம்மாவும் மகனும் பத்து நிமிட இடைவெளியில் விண்ணப்பித்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்! ஐடி.மி என்ற ஆன்லைன் சேவை மூலம் அடையாளத்தை உறுதி செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள். மூன்று நாள் பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால் அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு பாஸ்போர்ட்டோடு நேரில் போய் நில்லுங்கள். மின்னஞ்சல் போட்டுக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் முடியும்.

அடையாள எண் வந்த பிறகு மூன்று வேலை: ஓரியண்டேஷன், பிளேஸ்மென்ட், கவுன்சிலரோடு கல்வித் திட்டம். ஓரியண்டேஷன் ஆன்லைனில் உட்கார்ந்து பார்க்கும் விஷயம், முடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

பிளேஸ்மென்ட் முன்பெல்லாம் ஒரு பரீட்சை. அதில் கோட்டை விட்டவர்கள் எட்டாம் வகுப்பு கணக்கிலிருந்து ஏறி வர வேண்டியிருந்தது. வழியிலேயே படிப்பை விட்டவர்கள் ஏராளம். 2017-இல் கொண்டுவந்த ஏபி 705 என்ற சட்டம் அதை மாற்றியது. இப்போது ஹைஸ்கூல் மதிப்பெண்ணை வைத்தே இங்கிலீஷ், கணக்கு வகுப்புகளின் நிலையை முடிவு செய்கிறார்கள். மகன் டெக்சாஸில் எடுத்த வகுப்புகளின் மதிப்பெண்ணும் செல்லும். ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி அளவிலான 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்' தேர்வு ஏதாவது எழுதியிருந்தால் காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண்ணை நேராக அனுப்பச் சொல்லுங்கள்; அதில் கால்குலஸில் நல்ல மதிப்பெண் இருந்தால் ஒரு டேர்ம் கணக்கு மிச்சம். நீங்கள் இந்தியாவில் படித்தவர் என்பதால் உங்களுக்கு 'நீங்களே உங்கள் நிலையைத் தேர்ந்தெடுங்கள்' வகைக் கேள்விகள் வரும்.

கவுன்சிலர் சந்திப்புதான் மூன்றிலும் முக்கியம், நேரம் கிடைக்கவும் அதுதான் கஷ்டம். ஜூலை ஆகஸ்டில் கூட்டம் அலைமோதும். மார்ச், ஏப்ரலில் போனால் முகம் பார்த்துப் பேசுவார்கள். போகும்போது மகன் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மேஜர் என்று இரண்டு மூன்று ஊகங்களாவது வைத்துக்கொண்டு போகட்டும். 'எதுவும் தெரியாது, நீங்களே சொல்லுங்கள்' என்று உட்கார்ந்தால் பொதுவான ஒரு பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த மூன்றும் முடித்த புது மாணவர்களுக்குப் பதிவுத் தேதி முன்னால் வரும். முடிக்காதவர்கள் எல்லாருக்குமான திறந்த பதிவு நாள் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் காலை பத்து மணி கால்குலஸ் வகுப்பு நிறைந்திருக்கும். மிஞ்சுவது ராத்திரி ஏழு மணி வகுப்போ வேறு ஊர் கேம்பஸ் வகுப்போ. லேப் உள்ள வேதியியல், உயிரியல் வகுப்புகளில் இடம் இன்னும் குறைவு. பதிவு நாள் அன்று விடிகாலையிலேயே கண்விழித்து, வேண்டிய வகுப்புகளின் எண்ணையும் மாற்று வகுப்புகளின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். வகுப்பு அட்டவணையில் பாடப்புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்கு ஒரு தனிக் குறி இருக்கும். புத்தகம் ஒன்றே 150 டாலர் வரும் பாடங்களில் அதைப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

வகுப்பு நிறைந்திருந்தால் வெயிட்லிஸ்ட். நம் ரயில் டிக்கெட் கதைதான்: பட்டியலில் மூன்று நான்கு என்றால் பெரும்பாலும் ஏறிவிடலாம், பதினைந்து என்றால் வேறு வண்டி பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போக வேண்டும். பதிவு செய்துவிட்டு முதல் நாள் வராதவர்களைப் பேராசிரியர் நீக்கிவிடலாம். அந்த இடத்தை அங்கே வந்து நிற்பவர்களுக்கு 'ஆட் கோட்' என்ற எண்ணைக் கொடுத்து நிரப்புவார். அந்த எண் கிடைத்தால் அன்று இரவே போட்டுப் பதிவு செய்துவிட வேண்டும், இரண்டு நாளில் காலாவதியாகலாம். இடம் கிடைத்தவர்களும் இதே காரணத்தால் முதல் நாள் தவறக் கூடாது. ஆன்லைன் வகுப்பு என்றால் முதல் வாரத்தில் கேன்வாஸ் என்ற வகுப்புத் தளத்தில் நுழைந்து முதல் அறிமுகப் பயிற்சியையாவது செய்ய வேண்டும். ஊருக்குப் போயிருக்கிறோம், இரண்டாவது வாரம் வருகிறோம் என்பது இங்கே நடக்காது. ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து திரும்பும் டிக்கெட்டை இதைப் பார்த்துப் போடுங்கள்.

பதிவு செய்ததும் பணம் கட்டும் கெடுவையும் பாருங்கள். சில கல்லூரிகள் கெடு தாண்டினால் எல்லா வகுப்பிலிருந்தும் நீக்கிவிடும், சில கல்லூரிகள் நீக்காமல் கடனாக எழுதி வைத்துக்கொண்டே போகும். இரண்டும் ஆபத்து. தவணையில் கட்டும் வசதி உண்டு.

வகுப்பை விடுவதற்கு மூன்று கோடுகள் உள்ளன. முதல் கோட்டுக்குள் விட்டால் பணம் திரும்பி வரும். இரண்டாவது கோட்டுக்குள் விட்டால் பணம் போகும், ஆனால் டிரான்ஸ்கிரிப்ட்டில் தடயமே இருக்காது. மூன்றாவது கோட்டுக்குள் விட்டால் 'டபிள்யூ' (வித்ட்ராயல், பாதியில் விட்டது) என்று விழும். அதற்குப் பிறகு என்ன மார்க் வருகிறதோ அதுதான். தேதிகள் வகுப்புக்கு வகுப்பு மாறும். குவார்ட்டர் முறையில் சுமார் பன்னிரண்டு வாரத்தில் எல்லாம் முடிவதால் கோடுகள் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். ஒரு பாடத்தை இத்தனை முறைதான் முயலலாம் என்று வரம்பு உண்டு, டபிள்யூவும் ஒரு முயற்சியாகக் கணக்கில் வரும். வகுப்புக்குப் போகாமல் இருந்தால் தானே விட்டுப்போகும் என்று நினைத்து எஃப் (ஃபெயில்) வாங்கும் பையன்கள் ஒவ்வொரு டேர்மும் இருக்கிறார்கள். அந்த எஃப் பின்னால் யூசி விண்ணப்பத்தில் வந்து நிற்கும்.

அங்கிருந்து மேலே போகும் வழி. 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் முடித்தால் மூன்றாம் வருட மாணவனாக மாறலாம். எந்தக் கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்பதை அசிஸ்ட் என்ற மாநிலத் தளத்தில் பார்க்கலாம். கவுன்சிலர் சொன்னாலும் நண்பன் சொன்னாலும், மகன் தானே ஒருமுறை அங்கே சரிபார்க்கட்டும். யூசியில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறும் 'டேக்' என்ற உத்தரவாதம் தருகின்றன: சொன்ன வகுப்புகளைச் சொன்ன ஜிபிஏவோடு (சராசரி மதிப்பெண்ணோடு) முடித்தால் இடம் உறுதி. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். சேர நினைக்கும் வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. எல்லா மேஜருக்கும் உத்தரவாதம் கிடையாது. சான்டா பார்பராவின் இன்ஜினியரிங் இதில் வராது. சிஎஸ்யூ பக்கம் 'டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி' என்று ஒரு இரண்டு வருட டிகிரி இருக்கிறது. முடித்தால் சிஎஸ்யூ அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, கேட்ட வளாகமே கிடைக்கும் என்று இல்லை. பொதுப் பாடங்களுக்கு இரண்டு அமைப்புக்கும் சேர்த்து 2025 ஃபாலிலிருந்து கால்-ஜிஈடிசி என்ற ஒரே பட்டியல்தான். பழைய பட்டியலை வைத்துப் படித்த அண்ணன்மார்களின் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பொதுப் பாடங்களைவிட மேஜருக்கான கணக்கு, இயற்பியல் வரிசையை முடிப்பதுதான் முக்கியம். அந்த வரிசையில் ஒரு வகுப்பு தவறினால் ஒரு வருடமே தள்ளிப் போகும்.

மகனைப் பொறுத்தவரை இன்னொரு தேதி இருக்கிறது: 21-வது பிறந்தநாள். அன்றோடு எச்-4 முடிந்துவிடும். அதற்கு முன்பே கிரீன் கார்டு கைக்கு வராவிட்டால் எஃப்-1-க்கு மாற வேண்டும், அந்த மாற்றத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். எஃப்-1 ஆகிவிட்டால் பொதுவாக ரெசிடென்ட் கட்டணம் போய்விடும், யூசியில் அது பெரிய தொகை. இரண்டு வருடத்தில் டிரான்ஸ்ஃபர் ஆனாலும் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே அந்தப் பிறந்தநாள் வந்துவிடும். இதை மனதில் வைத்து, சேரும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். இது நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை.

உங்கள் படிப்புக்கு வருகிறேன். பி.காம். முடித்தவர் என்பது சேர்வதற்குத் தடையும் இல்லை, உதவியும் இல்லை. 18 வயதானவர் என்ற வகையில் சேர்ந்துவிடலாம், கோவை மார்க் ஷீட் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. அது தேவைப்படும் இடம் வேறு: ஒரு வகுப்புக்கு முன்தகுதி கேட்டால், அல்லது பழைய பாடங்களுக்குக் கிரெடிட் வேண்டுமென்றால், டபிள்யூஇஎஸ் போன்ற ஏஜென்சியில் மதிப்பீடு வாங்க வேண்டும். மூன்று வருட பி.காமை எல்லா ஏஜென்சியும் அமெரிக்க பேச்சலர் டிகிரிக்குச் சமம் என்று எழுதித் தருவதில்லை. சிபிஏ (அமெரிக்க ஆடிட்டர் தகுதி) கனவு இருந்தால் முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குறைகிற அக்கவுண்டிங், பிசினஸ் யூனிட்டுகளைக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்து நிரப்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மலிவான, சரியான வழி அது. நிதானமாகப் பார்க்கலாம் என்றால் முதல் டேர்மில் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் ஒன்று மட்டும் எடுங்கள். டெபிட், கிரெடிட் உங்களுக்குப் புதிதில்லை. இங்கே வகுப்பு, அசைன்மென்ட், விவாதப் பலகை எப்படி ஓடுகிறது என்று பிடிபடுவதற்கு அது போதும்.

குழந்தைகள் பிடிக்கும் என்றால் சைல்ட் டெவலப்மென்டில் 12 யூனிட் முடித்தால் பிரீஸ்கூல் ஆசிரியையாக வேலை பார்க்கும் தகுதி வரும். நம் பெண்கள் நிறையப் பேர் இந்த வழியில் போயிருக்கிறார்கள். ஆனால் எச்-4-இல் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நர்சிங் என்று யாராவது சொன்னால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிப் போட்டி. அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி முடித்துவிட்டுப் பிறகுதான் வரிசையில் நிற்கவே முடியும். 'யார் வேண்டுமானாலும் சேரலாம்' என்ற வாக்கியம் நர்சிங்குக்குப் பொருந்தாது. வெறும் இங்கிலீஷ் பேச்சுப் பழக்கம் போதும் என்றால் நான்-கிரெடிட் வகுப்புகள் இருக்கின்றன, அவற்றுக்குச் சேர்க்கைக் கட்டணமே இல்லை. பேரனைப் பார்க்க வந்திருக்கும் மாமனார் மாமியாரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்பீர்கள்; விசிட்டர் விசாவில் கிரெடிட் படிப்பில் சேரக் கூடாது.

மகனுக்கு முதல் டேர்ம் தொடங்கியதும் உங்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. ஹைஸ்கூலில் டீச்சருக்கு மின்னஞ்சல் போட்டு மார்க் கேட்டிருப்பீர்கள். இங்கே அவன் சேர்ந்த நாளிலிருந்து ஃபெர்ப்பா என்ற கூட்டாட்சிச் சட்டப்படி அவனுடைய கல்விப் பதிவுகள் அவனுடையவை. வயது 17 ஆக இருந்தாலும் சரி, பணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும் சரி. ஆபீசுக்குப் போன் செய்தால் மரியாதையாக, 'அவரையே பேசச் சொல்லுங்கள்' என்பார்கள். கவுன்டருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனாலும் கேள்வியை அவனிடம்தான் கேட்பார்கள். அவன் எழுதிக் கொடுத்தால் மட்டும் உங்களோடு பேசுவார்கள், அதற்கென்று படிவம் இருக்கிறது. கையெழுத்து போடுவானா என்பது உங்கள் வீட்டு விவகாரம். பதிவுத் தேதி, பணம் கட்டும் கெடு, அந்த மூன்று கோடுகள், இவற்றை மட்டும் அவன் போனிலும் உங்கள் போனிலும் காலண்டரில் ஏற்றி வைத்துவிடுங்கள். அவை கல்லூரித் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படியே இருக்கின்றன, யாருடைய அனுமதியும் வேண்டாம்.